கைவிரித்த பிறகு...

"டாக்டர் கைவிரிச்சிட்டாராம்!"

நம்மூரில் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காத காது இருக்க முடியாது. சொல்லுகிறவர் குரலைத் தாழ்த்திக் கொள்வார். கேட்கிறவர் ஒரு 'உச்' கொட்டுவார். அத்தோடு அந்த நோயாளியின் கதை முடிந்தது. ஆள் உயிரோடுதான் இருப்பார். கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்தபடி சில பேர் 6 மாதம், சில பேர் 2 வருடம்கூட இருப்பார்கள். ஆனால் ஊர்க் கணக்கில் அவர் முடிந்துவிட்டார். அதற்கப்புறம் பார்க்க வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு சொன்னாங்க?" அதையும் அவர் காதில் விழும்படியே கேட்பார்கள்!

மருந்தால் குணமாக்க முடியாத நிலை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்த இடத்தில் டாக்டர் உள்ளதைச் சொல்வது நேர்மைதான். ஆனால் "குணமாக்க முடியாது" என்பதும் "ஒண்ணும் செய்ய முடியாது" என்பதும் ஒன்றா? இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் எவ்வளவு வேலை கிடக்கிறது என்பதைத்தான் 16 மணி நேர வகுப்பிலும், 4 நாள் வீடு வீடாகப் போய் வந்ததிலும் பார்த்தேன். மலருக்கு இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பன் ஒருவன், "எல்லாரும் கவிதை குடுக்கிறாங்க, நீ என்னடா சாவைப் பத்தி எழுதறே?" என்று முகம் சுளித்தான். சாவைப் பற்றி அல்ல நண்பர்களே! வலியைப் பற்றி, படுக்கைப் புண்ணைப் பற்றி, ஓரளவுக்கு நம் வொர்க்‌ஷாப்பைப் பற்றியும்கூட. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கூடலூரிலிருந்து நாடுகாணி சுரம் இறங்கினால் வழிக்கடவு, அதைத் தாண்டினால் நிலம்பூர். கேரளாவின் மலப்புறம் மாவட்டம். என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பது அந்தப் பக்கம். செமஸ்டர் லீவுக்குப் போனபோது பார்த்தால், சனிக்கிழமை காலையில் சமையலை முடித்துவிட்டு அக்கா, "பாலியேட்டிவ் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்புகிறது. ஏதோ ரேஷன் கடைக்குப் போவது மாதிரி! அந்த வார்த்தை அங்கே ஆட்டோக்காரருக்கும் தெரியும், மீன் விற்கிறவருக்கும் தெரியும். பலசரக்குக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு உண்டியல். மிச்சச் சில்லறையை ஜனங்கள் கேட்காமலே அதில் போடுகிறார்கள். மாமாதான் சொன்னார்: "சும்மா உக்காந்து போனை நோண்டிக்கிட்டு இருக்கறதுக்கு நீயும் போய் பேர் குடுடா. புது பேட்ச் ஆரம்பிக்குது."

மலையாளம் பேசினால் புரியும், எழுத்துதான் வராது. பரவாயில்லை என்று சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்ட தகுதி ஒன்றே ஒன்று. வாரத்தில் குறைந்தது 2 மணி நேரம் உன்னால் ஒதுக்க முடியுமா? அவ்வளவுதான்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1993-ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானவர்கள் சேர்ந்து வலி நிவாரணத்துக்கென்று ஒரு சொசைட்டியைத் தொடங்கினார்கள். வலி தாங்காத கேன்சர் நோயாளிகள் தூர தூர ஊர்களிலிருந்து வந்தார்கள். வர முடிந்தவர்கள் வந்தார்கள், சரி. எழுந்திருக்கவே முடியாதவர்கள்? அவர்களைத் தேடிப் போக எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ் வேண்டும்? இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் சரிப்பட்டு வராது என்று தெரிந்தபோதுதான், 2000-ஆம் ஆண்டையொட்டி, அக்கம்பக்கத்து ஜனங்களையே பழக்கி எடுப்பது என்ற யோசனை மலப்புறத்தில் வேர் பிடித்தது. 16 மணி நேரம் பாடம், 4 நாள் நர்ஸோடு வீடு வீடாகப் போகும் பழக்கம். முடித்தவர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து தங்கள் பகுதியைப் பார்த்துக் கொள்வது. 2008-ல் கேரள அரசு இதற்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. அதன்பின் பஞ்சாயத்துகளும் இதில் இறங்க, நர்ஸ் வீடு தேடிப் போகும் ஏற்பாடு மாநிலம் முழுக்கப் பரவியது.

இதற்கெல்லாம் தாய்வேர் லண்டனில் இருக்கிறது. சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் முதலில் நர்ஸ், பிறகு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர். சாகப் போகிறவர்களின் வலியை யாருமே ஒரு பொருட்டாக எடுத்துக் கொள்ளவில்லையே என்ற ஆதங்கத்தில் மறுபடி படிக்கப் போய், 1957-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. (ஒரு அரியர் பேப்பருக்கே நாம் என்ன பாடு படுகிறோம்!) 1967-ல் அவர் தொடங்கியதுதான் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ். ஹாஸ்பிஸ் என்பது பழைய காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கிப் போகிற இடம். நம்ம ஊர்ச் சத்திரம் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் மும்பையில் வந்தது, சாந்தி ஆவேதனா என்ற பெயரில். மலப்புறத்துக்காரர்கள் செய்ததில் என்ன விசேஷம் என்றால், தனியாகக் கட்டடம் எழுப்பிக்கொண்டு நிற்காமல் நோயாளியின் வீட்டையே அந்தச் சத்திரமாக்கிவிட்டார்கள்.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

பாடம் எடுத்தவர் ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார். அங்கே வாத்தியாரை 'மாஷ்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் போர்டில் எதுவும் எழுதவில்லை. ஒரு நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தார். "நான்தான் நோயாளி. வயித்துல கேன்சர். நீங்க பார்க்க வந்திருக்கீங்க. ஒவ்வொருத்தரா வந்து பேசுங்க" என்றார்.

ஒரு காலேஜ் பையன் தைரியமாகப் போனான். "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்."

"எப்போ?" என்றார் மாஷ்.

பையன் திரும்பி வந்துவிட்டான். அடுத்து ஒரு நடுவயது அம்மா. "ஆண்டவன் இருக்கான், அவன் பார்த்துக்குவான்."

"அப்ப ஏன் எனக்கு இதைக் குடுத்தான்?"

மூன்றாவது ஆள் கொஞ்சம் விவரமானவர். "எங்க பெரியப்பாவுக்கும் இதே நோய்தான் வந்தது..."

"அவர் இப்ப எங்கே இருக்கார்?"

வகுப்பே சிரித்துவிட்டது. மாஷ் சிரிக்கவில்லை. "இந்த மூணும்தான் தினம் நூறு பேர் அவங்ககிட்ட சொல்றது. நாலாவதா நீயும் போய்ச் சொல்றதுக்குப் பயிற்சி வேண்டாம்" என்றார். பின்னே என்னதான் பேசுவது? "ராத்திரி தூங்கினீங்களான்னு கேளு. அவர் பதில் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதே." அடுத்தது எங்களை இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்து 2 நிமிடம் சும்மா இருக்கச் சொன்னார். வைவாவில் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கும்போதுகூட 2 நிமிடம் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. சும்மா இருப்பதும் ஒரு தொழில்நுட்பம் போலிருக்கிறது!

இரண்டாம் நாள் வலி. சிசிலி அம்மையார் 'முழு வலி' என்று ஒன்றைச் சொன்னார். உடம்பு வலிப்பது ஒரு பங்கு. மனசு, குடும்பம், காசு, 'நான் என்ன பாவம் பண்ணினேன்' என்ற கேள்வி, இதெல்லாம் சேர்ந்து மீதிப் பங்கு. நர்ஸ் சிஸ்டர் ஒரு உதாரணம் சொன்னார். மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் ஒருவருக்கு வலி அடங்கவே இல்லை. விசாரித்தால் பெண்ணுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டவில்லை, கேட்கவும் கூச்சம். குழுவில் நாலு பேர் சேர்ந்து கட்டினார்கள். அதே மாத்திரையில் அவர் தூங்க ஆரம்பித்தார்.

அதற்காக மாத்திரை வேண்டாம் என்று அர்த்தமில்லை. மார்ஃபின் இல்லாமல் அடங்காத வலி இருக்கிறது. இந்தப் பெயரைச் சொன்னாலே நம்மில் பலருக்குப் போலீஸ் ஜீப்தான் ஞாபகம் வரும். 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அவ்வளவு கெடுபிடியாக இருந்ததால் ஆஸ்பத்திரிகளே மார்ஃபின் வாங்கி வைக்கப் பயந்தன. அபினி விளைகிற நாட்டிலேயே கேன்சர் நோயாளிக்கு வலி மாத்திரை கிடைக்காத கொடுமை! ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடி, 2014-ல் சட்டத்தில் திருத்தம் வந்து, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையங்கள் வாங்கி வைக்க வழி பிறந்தது. டாக்டர் பார்த்து அளவு சொல்லிக் கொடுக்கிற மார்ஃபினால் கேன்சர் நோயாளி போதைக்கு அடிமையாவது மிக அபூர்வம். முறையாகக் கொடுத்தால் அது சாவைச் சீக்கிரம் கூப்பிடவும் செய்யாது. ஆனால் மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதனால் கூடவே அதற்கும் மருந்து கொடுத்தாக வேண்டும். 1986-ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்துக் கொடுத்த முறையும் ரொம்ப எளிமை. முடிந்தவரை வாய் வழியாக, படிப்படியாக, கடிகாரத்தைப் பார்த்து. அதாவது வலி வந்து கத்தின பிறகு கொடுப்பதல்ல. சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் 4 மணி நேரத்துக்கு ஒரு தரம், வலி தலைகாட்டும் முன்பே.

இனி வீடுகள். ஆளையோ ஊரையோ யாரும் அடையாளம் காணக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. அதனால் கீழே வருகிறவர்களின் தொழில், வயது எல்லாவற்றையும் மாற்றியே எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் பாக்கு மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன அண்ணன். கேன்சர் கிடையாது. இன்னும் பல வருடம் வாழப் போகிறவர். பாலியேட்டிவ் என்றால் சாகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்த எங்கள் பேட்சுக்கு அவர்தான் அடுத்த பாடம். படுத்தபடியே காகிதத்தில் பேனா சுற்றி விற்கிறார். 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகுக்குக் கீழே, குதிகாலில் எல்லாம் புண் வந்துவிடும். தோல் சிவந்த இடத்தை 'நீவி விடுகிறேன்' என்று தேய்க்கக்கூடாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. நம் பாட்டிமார் எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான்!

இன்னொரு வீட்டில் ஒரு உம்மா. மார்பில் ஆறாத புண். வாசலுக்கு வரும்போதே நாற்றம். பேரப்பிள்ளைகளை அந்த அறைக்குள் விடுவதில்லை. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடிவிடும். சிஸ்டர் புண்ணை உப்பு நீரால் கழுவி, மெட்ரனிடசோல் மாத்திரையைப் பொடி பண்ணித் தூவிக் கட்டினார். விலை மலிவான மாத்திரைதான். எப்படிக் கட்டுவது என்று மருமகளுக்கும் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வாரம் போனபோது நாற்றம் பெரும்பாலும் போயிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் சின்னப் பேத்தி உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தது. நோய் அப்படியேதான் இருந்தது. இதை 'ஒண்ணும் செய்ய முடியாது' கணக்கில் சேர்ப்பதா?

மூன்றாவது வீட்டை மறக்க முடியாது. ரப்பர் பால் எடுக்கிற ஒரு பெரியவர். நாங்கள் படியேறும் முன்பே மகன் ஓடிவந்து வாசலில் மடக்கினார். "சிஸ்டர், அப்பாவுக்கு அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம். கேன்சர்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே உயிரை விட்ருவார். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க." கண்ணெல்லாம் கலங்கிப் போயிருந்தது. சிஸ்டர், "நானா எதுவும் சொல்லமாட்டேன். ஆனா அவர் நேரா கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

மகன் டீ போடப் போன நேரம். சிஸ்டர் வழக்கம்போல, "இந்த நோயைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். பெரியவர் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "எனக்குத் தெரியும் சிஸ்டர். மெடிக்கல் காலேஜ்ல என்னைப் படுக்க வெச்ச வார்டு வாசல்ல போர்டு இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டேன். மகனுக்கு இன்னும் தெரியாது போலிருக்கு, அல்சர்னே நினைச்சுக்கிட்டிருக்கான். அவன்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்கமாட்டான்."

ஒரே கூரைக்குக் கீழே 4 மாதமாக அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் இப்படிக் காப்பாற்றிக் கொண்டிருந்திருக்கிறார்கள்! யாரோடும் மனசுவிட்டுப் பேச முடியாமல் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். அன்றைக்கு சிஸ்டர் ஒன்றும் உடைத்துச் சொல்லவில்லை. "மகன்கிட்ட பேசணும்னு தோணுதா? நான் கூட இருக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தார். அடுத்த தடவை போனபோது இருவரும் பழைய நோட்டை விரித்து, யாருக்குக் கடன் பாக்கி, எந்த மரத்தை இந்த வருடம் வெட்டக்கூடாது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் என்னைப் பார்த்து, "மோனே, நீ மெக்கானிக்கல்தானே? எங்க மெஷின் உருளை சிக்குது, அதைப் பார்த்துட்டுப் போ" என்றார். ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின். பேரிங் புஷ் தேய்ந்திருந்தது. வாங்கி மாற்றிக் கொடுத்தோம். மழைக்காலம் பிறப்பதற்குள் அவர் போய்விட்டதாக அக்கா போனில் சொன்னது.

பயிற்சியின் கடைசிப் பகுதி, ஊர் ஜனங்களிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்பது. மாஷ் இதில் ரொம்பக் கண்டிப்பு. மேடை, மைக், மாலை எதுவும் கூடாது. 'கேன்சர் என்றால் என்ன' என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்; மீதிப் பேர் அன்றைக்கே தங்கள் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். அதனால் முதலில் ஒரு கேள்விதான்: "உங்க தெருவுல மாசக்கணக்கா படுக்கையிலே இருக்கறவங்க யார் யார்?" கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். ஜனங்களே சொல்லுவார்கள். பக்கவாதம் வந்த தாத்தா, சிறுநீரகம் பழுதானவர், தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பல மாதமான பாட்டி. 'நம்ம தெருவில் இத்தனை பேரா?' என்று அவர்களே திகைப்பார்கள். கட்சியையும் மதத்தையும் செருப்போடு வெளியே விட்டுவிட வேண்டும். நோயாளியோடு நின்று போட்டோ எடுப்பவனுக்கு அன்றோடு சீட்டு கிழியும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொன்னார்: "போன் நம்பர் இல்லாத நோட்டீஸை ஒட்டாதே."

இதன் முழு அர்த்தம் எனக்குக் கூடலூர் திரும்பிய பிறகுதான் விளங்கியது. அக்காவும் இரண்டு சேச்சிகளும் பஸ் ஏறி வந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கு நடுவே, கோயில் திண்ணையில், வேலை முடிந்த நேரமாகப் பார்த்து ஒரு கூட்டம். முப்பது பேர் இருக்கும். அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். பெயர்கள் வந்தன. 7 பேர்! வலிக்கு வைத்தியம் இருக்கிறது என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு அக்கா எழுந்தது. கொழுந்து பறிக்கிற கூடையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றது.

"எல்லாம் சரி தம்பி. நீங்க சொல்லிட்டுப் பஸ் ஏறிப் போயிருவீங்க. ராத்திரி 2 மணிக்கு எங்க வீட்டு மனுஷன் கத்துறப்ப நான் யாருக்குப் போன் போடுறது?"

கூட்டம் அமைதியானது. கேரளாவில் என்றால் பதில் உண்டு. அங்கே உண்டியலுக்குப் பின்னால் ஒரு நர்ஸ், நர்ஸுக்குப் பின்னால் ஒரு டாக்டர், மருந்து, ஜீப் எல்லாம் இருக்கிறது. விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று நாம் எத்தனை பேரணி போகிறோம்! எங்கே போவது என்று காட்டாமல் 'இப்படி ஒன்று இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், வலியோடு கிடக்கிறவருக்கு ஏக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தது போலத்தானே ஆகும்? பேனர் பிடித்துப் படம் எடுத்துப் போடும் அமைப்புகள் இந்த அக்கா கேட்ட கேள்வியை ஒரு தரம் கேட்டுவிட்டுப் புறப்பட்டால் தேவலை.

"நாளைக்கே விசாரிச்சுச் சொல்றேங்க்கா" என்றேன். விசாரித்தோம். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவது நமக்குத் தெரியும். அதே திட்டத்தில் வீடு தேடி வரும் நோய் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு என்பது அந்தத் திண்ணையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தோம். நர்ஸம்மா வேலை அதிகம் என்று அலுத்துக்கொண்டாலும் மறுவாரமே வந்தார். அந்த அக்காவின் வீட்டுக்காரருக்கு டாக்டரைப் பார்த்து மார்ஃபின் எழுதி வாங்கினார்கள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் நர்ஸம்மா ஒரு அட்டையில் சூரியனையும் நிலாவையும் வரைந்து, எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை என்று பக்கத்திலேயே ஒட்டிக் கொடுத்தார். நடுவில் வலி மீறினால் கொடுக்க வேண்டிய மாத்திரை தனி டப்பாவில், சிவப்புத் துணி கட்டி.

ராத்திரி 2 மணிக்கு யார் வருவார்கள்? உண்மையைச் சொன்னால் இன்னும் யாரும் இல்லை. எங்கள் பக்கம் அந்த நேரத்தில் ரோட்டில் யானைதான் வரும். போன் எடுப்பதற்கு முறை வைத்து 6 பேர் இருக்கிறோம். மாத்திரை டப்பாவை ஞாபகப்படுத்துவதும், விடியும்வரை அந்தப் பக்கம் அழுகிறவரோடு பேசிக்கொண்டிருப்பதும் மட்டுமே எங்களால் முடிகிறது. இதுவரை அந்த அக்கா 3 தடவை கூப்பிட்டிருக்கிறது. ஒரு தடவை, "ஒண்ணுமில்லே தம்பி, நெசமாவே எடுக்கறீங்களான்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

இப்போது நம் வொர்க்‌ஷாப்புக்கு வருகிறேன். படுக்கையில் கிடக்கிறவருக்குச் சாய்ந்து உட்கார ஒரு பேக்ரெஸ்ட் வேண்டும். கடையில் விலை கேட்டால் தோட்டத் தொழிலாளி வாங்க முடியாது. ஃபிட்டிங் ஷாப்பில் கிடந்த ஸ்கிராப் சதுரக் குழாயில் ஒரு சட்டம் அடித்து, 30, 45, 60 டிகிரியில் நிற்கிற மாதிரி பின்னால் மூன்று காடி வெட்டி, குறுக்கே நைலான் நாடா பின்னினோம். நர்ஸம்மா கையால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்: "ஓரத்துல பிசிறு இருக்கு தம்பி. இவங்க தோலு காகிதம் மாதிரி, கிழிச்சிரும்." முதல் வருடம் முழுக்க எம்.எஸ். பிளேட்டை ராவ விட்டதற்காக நாம் வாங்கிய திட்டையெல்லாம் நினைத்துக்கொண்டு, ஒரு ஓரம் விடாமல் ராவி, எமரி ஷீட் போட்டுத் தேய்த்தோம். டாய்லெட் வரை நடக்க முடியாதவர்களுக்குச் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கீழே பாத்திரம் வைக்கிற வேலையும் நடக்கிறது. ஈரத் தரையில் நாற்காலிக் கால்கள் அகன்று விரியாமலிருக்க நான்கையும் இணைத்து அடியில் மரச்சட்டம். இதை சிவில் நண்பர்கள்தான் சொன்னார்கள். ஒப்புக்கொள்கிறேன்.

என்.எஸ்.எஸ். அதிகாரியிடம் பேசியதில், நர்ஸம்மாவும் அக்காவின் குழுவும் சேர்ந்து நம் கேம்பஸிலேயே வகுப்பு எடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். 4 சனிக்கிழமை, நாளுக்கு 4 மணி நேரம். இதுவரை 22 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் 9 பேர் மாணவிகள். வருகைப் பதிவுக்காக யாரும் வர வேண்டாம். அட்டெண்டன்ஸ் கிடையாது, சர்டிபிகேட்டும் இப்போதைக்கு இல்லை.

மலர் அச்சுக்குப் போகும் இந்த வாரம் 2 பேக்ரெஸ்ட் லயன் வீடுகளுக்குப் போய்விட்டன. மூன்றாவதுக்குக் கீல் இன்னும் வெல்டிங் ஆகவில்லை. வெல்டிங் ராடு தீர்ந்துவிட்டது. ஸ்டோரில் இண்டென்ட் போட்டிருக்கிறோம்.